கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் என்னும் கணக்கு

மங்கள்யான் செவ்வாயை அடைந்த நாளில் பிறந்து, அந்தக் கலமே 2022இல் தொடர்பற்று மௌனமாகிவிட்ட பின்பும், அரசியல் மேடையிலும் பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் எங்கள் ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும் ஒருங்கே உயிர் வாழ்ந்துகொண்டிருக்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. 450 கோடி ரூபாயில் 65 கோடி கிலோமீட்டர் சென்றோம், ஆகவே கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்தான், ஆட்டோக் கூலியைவிட மலிவு என்பதே அது. 2014 செப்டம்பர் இறுதியில் நியூயார்க் நகரில் பிரதமர் நரேந்திர மோதி ஆமதாபாத் ஆட்டோக் கட்டணத்தோடு இதனை ஒப்பிட்டுப் பேசியதிலிருந்து இது பழமொழிக்குரிய அந்தஸ்தைப் பெற்றுவிட்டது.

இதைச் சொல்பவர்கள் மேலும் சிலவற்றையும் சேர்த்தே சொல்லுகிறார்கள். பூமியின் ஆகர்ஷணத்தை ஒருமுறை தாண்டிவிட்டால் அப்பால் ஈர்ப்பு என்பதே இல்லை, கலம் தானே மிதந்து போய்விடும் என்பது ஒன்று. அமெரிக்கர்கள் பணத்தை இறைத்து நேராகப் போனார்கள், நாமோ பூமியைச் சுற்றிச் சுற்றிச் சாமர்த்தியமாகக் காசை மிச்சம் பிடித்தோம் என்பது மற்றொன்று. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைவது பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால்தான் என்பது அண்மையில் வந்து ஒட்டிக்கொண்டது.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லிவிட்டு மறுப்பது நியாயமாகாது. 450 கோடி என்பது பொய்யன்று, வகுத்தலிலும் பிழையில்லை. முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையைப் பிடித்த முதல் நாடு இந்தியா. நம் பொறியாளர்களின் ஊதியம் குறைவு என்பதும், சந்திரயானுக்காக முன்பே உருவாக்கிய கட்டமைப்பைத் திருத்திப் பயன்படுத்தினார்கள் என்பதும், கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை தலைமைப் பொறுப்பில் இருந்த அந்தக் குழு இரவு பகல் பாராது உழைத்தது என்பதும் உண்மையே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த ஏழு ரூபாய் அர்த்தமற்றதாகவே நிற்கிறது. காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

1. விண்ணில் தூரம் விலைக்கு விற்கும் சரக்கே அன்று. அரியலூர்ச் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரி, போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டீசல் எரித்தாக வேண்டும். எஞ்சினை அணைத்தால் சாலையின் உராய்வும் காற்றின் தடையும் சேர்ந்து அதைச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திவிடும். ஆகையால் அதற்குக் கிலோமீட்டர் வாடகை பொருந்தும். மங்கள்யானின் பிரதான எஞ்சின் எவ்வளவு நேரம் இயங்கிற்று என்று பாருங்கள். 2013 டிசம்பர் முதல் தேதி நள்ளிரவு கடந்து பூமியை விட்டுப் புறப்படுகையில் 22 நிமிடம். அதன்பின் ஏறத்தாழ 300 நாட்கள் உறக்கம். 2014 செப்டம்பர் 22 அன்று எழுப்பிப் பார்ப்பதற்காக 4 விநாடி. 24ஆம் தேதி செவ்வாயின் அருகில் சுமார் 23 நிமிடம். இடையில் பாதையைத் திருத்துவதற்காகச் சிறு உந்திகள் செய்த சொற்ப வேலையைத் தவிர்த்தால், அந்த 65 கோடி கிலோமீட்டரும் எரிபொருள் செலவின்றி நடந்த பிரயாணம்.

அப்படியானால் எரிபொருள் கொடுத்து வாங்குவது எதை? வேகத்தின் மாற்றத்தை. அந்த மாற்றத்துக்கும் அதனால் கிடைக்கும் தூரத்துக்கும் நேர்விகிதம் கிடையாது என்பதற்கு மங்கள்யானின் சொந்தக் கணக்கேட்டைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைக் கொண்டுபோய் விட்ட நீள்வட்டப் பாதையின் அண்மைப் புள்ளி பூமியிலிருந்து 250 கிலோமீட்டர், சேய்மைப் புள்ளி சுமார் 23,500 கிலோமீட்டர். நவம்பர் 7 அன்று அண்மைப் புள்ளியில் எஞ்சினை 416 விநாடி இயக்கினார்கள். சேய்மைப் புள்ளி ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் உயர்ந்தது. நவம்பர் 16 அன்று 243 விநாடியே இயக்கினார்கள். அது 1,18,642 கிலோமீட்டரிலிருந்து 1,92,874 கிலோமீட்டருக்குத் தாவியது, அதாவது 74,000 கிலோமீட்டர் உயர்வு. முதல் நாள் விநாடிக்கு 140 மீட்டர் வேகம் கூட்டி 5,000 கிலோமீட்டர் பெற்ற அதே கலம், கடைசி நாள் 102 மீட்டர் மட்டும் கூட்டி அதைப்போல் 14 மடங்கு பெற்றது. கிலோமீட்டருக்கு இன்ன விலை என்று பேசுகிறவர்கள், இவ்விரண்டு நாட்களில் எந்த நாளின் விலையைச் சொல்லுகிறார்கள்?

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நவம்பர் 16க்குப் பிறகு அண்மைப் புள்ளியில் கலத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 10.79 கிலோமீட்டர், அவ்வுயரத்தில் பூமியின் பிடியிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகமோ 10.97. ஆகவே மேலும் 180 மீட்டர் கூட்டினால் போதும், சேய்மைப் புள்ளி எல்லையற்ற தூரத்துக்கு ஓடிவிடும். எந்தத் தொகையையும் எல்லையின்மையால் வகுத்தால் கிலோமீட்டர் விலை பூஜ்யமாகும். ஏழு ரூபாய்க்காகப் பெருமைப்படுகிறவர்கள் அந்தப் பூஜ்யத்துக்கு இன்னும் எத்தனை மடங்கு பெருமைப்பட வேண்டியிருக்குமோ தெரியவில்லை.

2. ஈர்ப்பு இல்லாத இடத்தில் சுற்றுப்பாதை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை ஒருமுறை நிதானமாகக் கேட்டுக்கொண்டவர்கள் 'அப்பால் ஈர்ப்பே இல்லை' என்ற வாக்கியத்தை மறுபடி உச்சரிக்கமாட்டார்கள். 2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா தங்கி வந்த சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஜெயங்கொண்டத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிடக் குறைவு. அவ்வுயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் நூற்றுக்கு 89 பங்கு. ஆட்கள் அங்கே மிதப்பதற்குக் காரணம், அவர்களும் அவர்கள் இருக்கும் கூடும் ஒரே வேகத்தில் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பது. பக்கவாட்டு வேகம் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் இருப்பதால், விழும் அளவுக்குப் பூமியின் வளைவும் விலகிக்கொண்டே போகிறது.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் செய்துகாட்டிய ஒப்பீடு இதுவே. மரத்திலிருந்து விடுபட்ட பொருள் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் உள்ள சந்திரன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் விழுகிறது; முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிட்டத்தட்ட 3,600, அதாவது 60இன் வர்க்கம். பாதாதி கேசம் ஒரே விதி. நம் தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், தரை ஈர்ப்பில் நூற்றுக்கு இரண்டே சொச்சம் பங்கால் கட்டுண்டு சுற்றுகின்றன. அந்த இரண்டு பங்கும் இல்லையேல் கலங்கள் ஓரிடத்திலும் நில்லாமல் நேர்கோட்டில் ஓடிப்போயிருக்கும்.

பூமியை விட்டுப் பிரிந்த பின்பாவது மங்கள்யான் சுதந்திரம் பெற்றதா என்றால், அதுவும் இல்லை. பூமியின் கட்டு தளர்ந்த இடத்தில் சூரியனின் கட்டு நிற்கிறது. இதில் பலரும் கவனியாத நன்கொடை ஒன்று உண்டு. பூமி சூரியனை விநாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. பூமியிலிருந்து புறப்படும் எந்தக் கலமும் அந்த 30ஐப் பிறக்கும்போதே கொண்டு பிறக்கிறது. அதன்மேல் இன்னும் ஏறத்தாழ 3 கிலோமீட்டரைச் சரியான திசையில், சரியான நாளில் கூட்டினால், சூரியனைச் சுற்றும் நீள்வட்டத்தின் மறுமுனை செவ்வாயின் பாதையைத் தொடும். ஜெர்மானியப் பொறியாளர் வால்ட்டர் ஹோமான் 1925இலேயே நூலாக எழுதி வைத்த வழி இது. இதற்குரிய முகூர்த்தம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பதினொன்றில் பத்துப் பங்கு வேகத்தைப் பூமி இனாமாகக் கொடுத்ததை எந்த ஆட்டோக்காரரின் கணக்கில் வரவு வைப்பது?

  

செவ்வாயை அடைந்ததும் என்ன நடந்தது? எஞ்சினைச் சுமார் 23 நிமிடம் எதிர்த்திசையில் இயக்கி, விநாடிக்கு 1,099 மீட்டர் வேகத்தைக் குறைத்தார்கள். ஏறத்தாழ 250 கிலோ எரிபொருள் அதற்கே போயிற்று. குறைக்காவிட்டால் கலம் செவ்வாயைக் கடந்து போய்ச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர்கள் கோடிக்கணக்கில் பெருகிக்கொண்டே போகும், ஏழு ரூபாயும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வரும். தோல்வியுற்றிருந்தால் இன்னும் மலிவாகத் தெரியும் ஒரு கணக்கைக் கொண்டு வெற்றியை அளப்பது எந்தத் தர்க்கம்?

இதே பிரமையின் கிளை ஒன்று, சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்1 விஷயத்திலும் முளைத்தது. செங்கோட்டை நிகர் ஷாஜி இயக்குநராக இருந்து நடத்திய அந்தக் கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 என்னும் புள்ளியை 2024 ஜனவரி 6 அன்று அடைந்தபோது, அங்கே சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சமப்பட்டுப் பூஜ்யமாகிவிடும் என்று எழுதாத பத்திரிகை குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், அவ்விடத்தில் சூரியனின் இழுப்பு பூமியின் இழுப்பைவிட 30 மடங்குக்கும் மேல். இரண்டும் சமமாகும் இடம் பூமியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கிலோமீட்டர், சந்திரனின் பாதைக்கும் உட்புறம். எல்1 புள்ளியின் விசேஷம் வேறு: சூரியனின் இழுப்பில் பூமியின் இழுப்பைக் கழித்த மிச்சம், அங்குள்ள கலத்தைச் சரியாக ஓர் ஆண்டில் சூரியனைச் சுற்றவைக்கும் அளவினதாக இருக்கிறது. ஈர்ப்பு அங்கே வேலை செய்கிறது, அதுவும் அளந்து செய்கிறது.

3. நேராகப் போனவர் எவர்? ஜெயங்கொண்டத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில், தெர்மக்கோலில் வெட்டிச் சாயம் பூசிய பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வெள்ளித்தாள் சுற்றிய தீப்பெட்டிக் கலத்தை அதில் தொங்கவிட்டு, பக்கத்தில் 'கி.மீ.க்கு ரூ. 7' என்று வண்ணப் பேனாவால் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளின் கைத்திறனில் குறையில்லை; அந்தக் கம்பிதான் தவறு. 1969 ஜூலை 16 அன்று புறப்பட்ட அப்பல்லோ 11 கூட, முதலில் பூமியை ஒன்றரை முறை சுற்றிவிட்டு, அதன்பின் வளைந்த பாதையிலேயே சந்திரனுக்குப் போயிற்று. 2,900 டன் எடையுள்ள சாட்டர்ன் ராக்கெட் பின்னால் இருந்ததால் அதற்கு ஒரே தூண்டல் போதுமாயிற்று. 640 டன் ராக்கெட்டில் போன சந்திரயான் 3க்குப் பல தூண்டல்கள் தேவைப்பட்டு, 2023 ஜூலை 14இல் கிளம்பி ஆகஸ்ட் 23இல் இறங்கிற்று.

ஆகையால் சுற்றிப் போவது ஏழையின் குயுக்தி என்று எள்ளுகிறவர்களுக்கும், சிக்கனத்தின் ஞானம் என்று புகழ்கிறவர்களுக்கும் விடை ஒன்றே. மங்கள்யானின் பிரதான எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன், அதாவது 45 கிலோ மூட்டை ஒன்று கையை அழுத்தும் அளவு. இவ்வளவு சிறிய விசையைக் கொண்டு பூமியிலிருந்து பிரிவதற்குத் தேவையான வேகத்தை ஒரே மூச்சில் கூட்ட முயன்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கலம் அண்மைப் புள்ளியை விட்டு வெகுதூரம் ஏறி வேகம் இழந்திருக்கும். வேகம் இழந்த கலத்துக்குக் கொடுக்கும் உந்து பெரும்பாலும் வீண். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 100 மீட்டர் கூட்டுவதைவிட, பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே 100 மீட்டர் கூட்டுவது ஆற்றலில் சற்றேறக்குறைய பத்து மடங்கு லாபம். ஹெர்மன் ஓபெர்த் பெயரால் வழங்கும் இந்த விதியை அறிந்தவர்கள், அண்மைப் புள்ளிக்கு வந்து சேரும்போது மட்டும் சில நிமிடம் இயக்கி, மீண்டும் சுற்றி வரும்வரை காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பும் இலவசமன்று. ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை ஊடுருவ வேண்டும். ஒவ்வொரு தூண்டலும் பிழைக்கு ஒரு வாய்ப்பு. நவம்பர் 11 அதிகாலை அது நேர்ந்தது: அடைப்பானின் இரு மின்சுருள்களையும் ஒரே சமயத்தில் இயக்கிச் சோதித்தபோது எரிபொருள் ஓட்டம் நின்று, விநாடிக்கு 130 மீட்டர் கூடவேண்டிய இடத்தில் 35 மீட்டரே கூடிற்று. மறுநாள் விடியற்காலையில் மற்றொரு தூண்டல் கொடுத்து, திட்டமிட்ட ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிச் சேய்மைப் புள்ளியைக் கொண்டுபோனார்கள். படிப்படியாக ஏறும் முறைக்குச் சாதகமாக நான் ஒப்புக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய வாதம் இதுவே: பிழை வீட்டு வாசலில் நேர்ந்தது, ஆகவே திருத்த மறுநாள் கிடைத்தது. புகழ்கிறவர்கள் இதையல்லவா சொல்லிப் புகழ வேண்டும்? காசு மிச்சமானதை மட்டும் சொல்லுகிறார்கள்.

4. குலசேகரன்பட்டினத்தைப் பூமத்திய ரேகை அழைக்கவில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஏவுதளத்தைப் பற்றிப் பேசும் எவரும், பூமியின் சுழற்சி வேகம் அங்கே அதிகம் என்று தொடங்குகிறார்கள். எவ்வளவு அதிகம்? ஸ்ரீஹரிகோட்டாவில் தரை கிழக்கு நோக்கி விநாடிக்கு 452 மீட்டர் ஓடுகிறது, இதை வாசிப்பவர் ஜெயங்கொண்டத்தில் இருந்தால் அவரும் 456 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறார், குலசேகரன்பட்டினத்தில் 460. ஸ்ரீஹரிகோட்டாவைவிட எட்டே மீட்டர். சுற்றுப்பாதைக்கு வேண்டிய 7,700 மீட்டருக்கு முன் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் கிழக்கே ஏவினால்தான் உதவும். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவப்போவதோ பெரும்பாலும் தெற்கே, துருவங்களின் மேலாகச் செல்லும் பாதைகளுக்கு. அப்பாதைகளுக்குக் கிழக்கு வேகம் உதவியாகாது, ஈடுசெய்ய வேண்டிய சிறு தொல்லையே ஆகும்.

மெய்யான காரணம் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் கீழே இலங்கை இருக்கிறது. ஆகவே ராக்கெட் முதலில் தென்கிழக்காகக் கடல்மேல் சென்று, அப்புறம் நடுவழியில் தெற்கே திரும்புகிறது. வேகத்தின் திசையைத் திருப்புவதும் வேக மாற்றமே. அதற்கும் எரிபொருள்தான் விலை. 500 கிலோ சுமப்பதற்காக அமைத்த எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ராக்கெட்டுக்கு அந்தத் திருப்பத்தின் இழப்பு பெரிது. குலசேகரன்பட்டினத்துக்கு இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது; தெற்கே அண்டார்க்டிகா வரையில் கடல்தான்.

5. கடைசி ஆட்சேபம் பௌதிகத்தைப் பற்றியதன்று, நாட்டின் பொக்கிஷத்தைப் பற்றியது. மங்கள்யான் கிளம்பிப் பதின்மூன்று நாள் கழித்து, 2013 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் செவ்வாய்க் கலமான மேவன் கிளம்பிற்று. நம்முடையதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் கடந்த தூரம் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் மேவனுக்குச் செலவு சுமார் 67 கோடி டாலர். ஒரே ஊருக்கு ஒரே வழியில் போன இருவரின் செலவு ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபட்டால், வேறுபாட்டின் காரணம் வழியின் நீளமாக இருக்க முடியாது. கொண்டுபோனது என்ன, போய்ச் செய்தது என்ன என்று கேட்க வேண்டும். மேவன் கொண்டுபோன அறிவியல் கருவிகள் 65 கிலோ. மங்கள்யான் கொண்டுபோனவை 15 கிலோ. புறப்படுகையில் 1,337 கிலோ இருந்த நம் கலத்தில் எரிபொருள் மட்டும் 850 கிலோவுக்கு மேல். மேவன் செவ்வாயை நான்கரை மணிக்கு ஒருமுறை நெருங்கிச் சுற்றிற்று; மங்கள்யான் 422 கிலோமீட்டருக்கும் 77,000 கிலோமீட்டருக்கும் இடையே நீண்ட பாதையில் மூன்று நாளுக்கு ஒருமுறை நெருங்கிற்று. பாதையைச் சுருக்க மேலும் வேகத்தைக் குறைக்க வேண்டும்; அதற்கு எரிபொருள் இல்லை.

இதனால் மங்கள்யான் சிறுமைப்படவில்லை. ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய கலம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அந்த நீண்ட பாதையின் உச்சியிலிருந்தே செவ்வாயின் முழுவட்டப் படங்களை எடுத்தது. ஆனால் மலிவுக்குரிய விலையை அறிவியல் கொடுத்தது என்பதை மறைக்கும் பெருமை, பெருமையாகாது. 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை, தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன் சுமக்கும் புதிய தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி ரூபாயும், வெள்ளியைச் சுற்றும் கலத்துக்கு 1,236 கோடி ரூபாயும் அனுமதித்தது. 450 கோடியில் செவ்வாய்க்குப் போன நாட்டுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று நாளை ஒருவர் கேட்டால், பத்தாண்டுகளாக ஆட்டோக் கூலியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்களிடம் அதற்கு விடை இராது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பௌதிக ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேல்நிலை முதலாண்டுப் பாடப்புத்தகத்தில் ஈர்ப்பியல் என்ற அலகு இருக்கிறது. விடுபடு வேகத்தின் சூத்திரமும் சுற்றும் கோளின் ஆற்றலும் அதில் உள்ளன. நவம்பர் 7இன் எண்களையும் நவம்பர் 16இன் எண்களையும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டால், இங்கே நான் சொன்னது சரியா தவறா என்பதை மாணவர்களே இரண்டு பாடவேளைக்குள் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள்.